கால் வைக்கக் கூடாத வீடு

சாவு வரி செத்துப்போன செய்தி பேப்பரில் வந்த அன்றைக்குக் காலையில், வக்கீல் பட்டாபிராமன் ஆபீஸ் ஜன்னலைக்கூட இன்னும் திறந்திருக்கவில்லை, அதற்குள் பழங்காநத்தத்து நல்லகாமன் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய மனுஷன், முழங்கால் வலிக்காரர். படி ஏறுகிறதென்றால் நின்று நின்று, படி கட்டிய கொத்தனாரைத் திட்டிக்கொண்டுதான் ஏறுவார். அன்றைக்கு என்னவோ கல்யாணத்துக்குக் கிளம்பினவர் மாதிரி வெள்ளையும் சொள்ளையுமாக, கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

"பேப்பர் பாத்தீகளா சாமி? ஒழிஞ்சது சனியன்!"

பட்டாபிராமன் பார்க்காமல் என்ன? அவருக்குச் சோறு போட்டதே அந்தச் சனியன்தான். வசதியுள்ள ஆள் செத்தால் அவன் விட்டுப்போகிற சொத்தில் ஒரு துண்டைச் சர்க்கார் வெட்டி எடுத்துக்கொள்ளும். எஸ்டேட் டூட்டி என்று அதற்குப் பேர், ஜனங்கள் வாயில் சாவு வரி. அது கைக்கு எட்டாதபடி, ஆள் உயிரோடு இருக்கும்போதே சொத்தை டிரஸ்டில் போட்டு மூடி வைப்பதுதான் வடக்கு மாசி வீதியில் 'சிவசங்கரன் அண்ட் பட்டாபிராமன்' ஆபீசின் தொழில். சிவசங்கரன் காலமாகி வெகு நாளாச்சு, போர்டில் மட்டும் இருக்கிறார். மில்காரர், மண்டிக்காரர், நிலம் நீச்சு உள்ளவர் என்று மதுரையைச் சுற்றி எவருக்கு நெஞ்சு வலித்தாலும் டாக்டருக்கு அடுத்தபடி பட்டாபிராமனுக்குத்தான் ஆள் வரும். இனிமேல் பிழைப்புக்கு என்ன பண்ணுவது என்று காலையில் மனைவி பாகீரதியிடம் புலம்பிவிட்டுத்தான் வந்திருந்தார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடி, "வரியைத்தானே எடுத்தான், சாவை எடுக்கலியே? வருவா, போங்கோ" என்று சொல்லிவிட்டாள்.

"ஆமா தேவரே, எடுத்துட்டான். இனிமே யார் போனாலும் அந்த வரி கிடையாது" என்றார் பட்டாபிராமன்.

"அப்ப அந்தப் பத்திரம் எதுக்கு? எடுங்க, கிழிச்சு எறிஞ்சிருவோம்." நல்லகாமன் நாற்காலியில் உட்கார்ந்து, வாழைப்பழச் சீப்பை மேஜைமேல் வைத்தார். "நான் எம் மகளை மறுவீட்டுக்கு அழைக்கப் போறேன் சாமி. வார வெள்ளிக்கெழமை நல்ல நாளாம். இன்னைக்குத்தான் ஜோசியரைப் பாத்துட்டு வாரேன்."

இந்த மனுஷனுக்கு இத்தனை வருஷமாக ஒன்றுமே புரியவில்லை என்பது அப்போதுதான் பட்டாபிராமனுக்குப் புரிந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கும் நல்லகாமன் கதிதான். பதினோரு வருஷத்துக்கு முந்தி, எழுபத்து நாலாம் வருஷம். திருமங்கலத்தில் நல்லகாமனின் பருத்தி அரைக்கிற ஜின்னிங் பாக்டரி சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. ஊரைச் சுற்றிக் கரிசல்காடு, பழங்காநத்தத்தில் மாடிவீடு. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் உக்கிரபாண்டி, மகள் செல்லக்கிளி, இரண்டே பிள்ளைகள். மகள் என்றால் அவருக்கு உசிர். அந்த உசிர்தான் பாக்டரி மெஷினைப் பழுதுபார்க்க வந்த பிட்டர் சுடலையோடு ஒருநாள் கிளம்பிப் போய்விட்டது. போனதோடு நின்றதா? தாலியும் கழுத்துமாக, காலில் விழுந்து கும்பிடப் பழங்காநத்தம் வீட்டுக்கே வந்தது. மனுஷன் என்ன பண்ணினார்? தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் தள்ளினார். பார்த்துக்கொண்டு நின்ற ஜனத்துக்கு முன்னால் அவள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள்: "எந்த வாசலோட இழுத்தாந்து போட்டியோ, அந்த வாசலோட நீயே மறுவீட்டுக்கு அழைச்சாத்தான் ஒம் மொகத்துல முழிப்பேன்." அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல்தான் பிறந்திருந்தது.

கல்யாணமான பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிறந்த வீட்டுக்கு அழைத்து, தலைவாழை இலை போட்டுச் சோறு போடுகிறதுதான் மறுவீடு. அது நடக்கிற வரைக்கும் நல்லகாமன் ஆட்கள் கணக்கில் கல்யாணம் பாதிக் கல்யாணம்தான். அழைக்காத மகள் வீட்டில் அப்பன் பச்சைத்தண்ணி தொடமாட்டான், அண்ணன்காரன் தங்கச்சி பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தமாட்டான்.

தள்ளிவிட்ட கையோடு நல்லகாமன் நேரே வடக்கு மாசி வீதிக்கு வந்தார். சொத்தை டிரஸ்டில் போடுங்கள், இல்லாவிட்டால் சாவு வரியில் பாக்டரியே போய்விடும் என்று பட்டாபிராமன் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனுஷன் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு வந்து, "எழுதுங்க" என்றார். "அவ ஒரு பிடி மண்ணு தின்னக் கூடாது. அந்த வீட்டுல அவ கால் வைக்கக் கூடாது. நாளைக்கு எனக்குக் கிறுக்குப் பிடிச்சு நானே வந்து அழுதாலும் மாத்த முடியாதபடி எழுதுங்க."

கோபத்துக்கும் சட்டத்துக்கும் அன்றைக்கு அப்படி ஒரு ஜாதகப் பொருத்தம். கொடுத்ததைத் திருப்பி வாங்கவோ மாற்றவோ ஒரு சின்ன அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டால்கூட, 'இது இன்னும் உன் சொத்துதான், கட்டு வரியை' என்று ஆபீசர் கழுத்தில் துண்டைப் போட்டுவிடுவான். ஆகவே மாற்ற முடியாதபடிதான் எழுத வேண்டும். நல்லகாமன் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டுமென்றால்கூட டிரஸ்டுக்கு வாடகை கொடுத்துத்தான் இருக்க வேண்டும். சொந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்த மகராசன் அவர் ஒருத்தர்தான்.

நாலு நாள் ஆறட்டும், கோபத்தில் பத்திரம் எழுதாதீர்கள் என்று சொல்ல பட்டாபிராமனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டார். ஆறினால் மனுஷன் மறுபடியும் நழுவிவிடுவாரே! அதுவும் போக, ஒரு ஓட்டை உடைசல் இல்லாமல் ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பார்க்க வேண்டுமென்று அவருக்கு ரொம்ப நாளாகக் கை அரித்துக்கொண்டிருந்தது. எழுதினார். அடேயப்பா, எப்படி எழுதினார் தெரியுமா! சொத்தெல்லாம் உக்கிரபாண்டிக்கும் அவன் பிள்ளைகளுக்கும், இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும். டிரஸ்டி உக்கிரபாண்டி. செல்லக்கிளி அந்தச் சொத்தில் எதிலும் கால் வைக்கக் கூடாது. அவளை அவன் உள்ளே விட்டாலும் சரி, வருகிறவளைத் தடுக்காமல் சும்மா நின்றாலும் சரி, அவன் பங்கும் அவன் பிள்ளைகள் பங்கும் அந்த நிமிஷமே அற்றுப்போகும்.

"அற்றுப்போய் யாருக்குப் போகணும்? அதைச் சொல்லும்" என்று கேட்டார் பட்டாபிராமன். "தப்பு நடந்தா கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமோல்லியோ? இல்லைன்னா இது வெறும் மைதான்."

நல்லகாமன் சிரித்தார். "பங்காளியைப் போடுங்க சாமி. எங்கண்ணன் மகன் கருப்பு இருக்கான்ல, அவனைப் போடுங்க. எங்க வீட்டு முருங்கை மரத்துல எம்புட்டுக் காய் கெடக்குன்னு எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அவன் கண்ணைத் தாண்டி ஒரு ஈ காக்கா உள்ள போகாது."

பட்டாபிராமன் அசந்துபோனார். இப்படி ஒரு காவலை எந்தச் சட்டப் புஸ்தகத்தில் படிக்க முடியும்! அப்படியே போட்டார். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் ரிஜிஸ்தரும் ஆயிற்று.

கோபமெல்லாம் ஆறிப்போய், அந்தப் பத்திரத்தைத்தான் இப்போது கிழிக்கச் சொல்லி வாழைப்பழத்தோடு வந்திருக்கிறார்.

"தேவரே, கிழிச்சா நம்ம கையில இருக்கற காகிதம்தான் கிழியும். அது ரிஜிஸ்தர் ஆனது" என்று மெதுவாக ஆரம்பித்தார் பட்டாபிராமன். "வரி போச்சு. பத்திரம் போகலை."

"வரிக்குப் பயந்துதான எழுதுனோம்?"

"எழுதினோம். எழுதினது நின்னுபோச்சு."

"நான் குடுத்தேன். நானே திருப்பி எடுத்துக்கிறேன். இதுல எவனுக்கு என்ன வந்துச்சு?"

"இப்போ அது உம்மோடது இல்லியே. உக்கிரபாண்டியோடதும் முழுசா இல்லை. அவன் பிள்ளைகளோடது. அவன் சம்மதிச்சாலும் மைனர் பிள்ளைகள் சம்மதிக்க முடியாது. இனிமே பிறக்கப்போறதுகள் வேற இருக்கு."

"பொறக்காத பயலுககிட்டப் போயா நான் கையெழுத்து வாங்கணும்?"

"வாங்க முடியாதே. அதான் கஷ்டம்."

நல்லகாமன் வாயைத் திறந்தபடி பார்த்தார். இது என்ன கூத்து என்கிற பார்வை. பிறகு குரலை இறக்கி, பேரம் பேசுகிறவர் மாதிரிச் சொன்னார்: "சாமி, எனக்குச் சொத்தைத் திருப்பித் தர வேணாம். அவளும் கேக்கல. ஒரே ஒரு நா. உள்ள வரட்டும், எலையில உக்காரட்டும், நான் ஒரு கரண்டி சோறு போட்டுக்கிறேன், போயிரட்டும். அம்புட்டுத்தான்."

"ஒரு நிமிஷம் உள்ள வந்தாலும் உக்கிரபாண்டி தெருவுல நிப்பான். கருப்பு விடமாட்டான்."

அதற்கப்புறம்தான் அந்தக் கிழவர் அழுதார். பஞ்சு மூட்டைக்காரன் ஏமாற்றினால் பட்டப்பகலில் கடைவீதியில் சட்டையைப் பிடிக்கிற ஆள், மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பட்டாபிராமன் பத்திரத்தில் எல்லாவற்றுக்கும் வழி பண்ணியிருந்தார், இந்த அழுகைக்கு மட்டும் என்ன பண்ணுவது என்று தெரியாமல் மின்விசிறியைப் போட்டார்.

பட்டாபிராமன் ஒன்றும் பண்ணாமல் சும்மா இருந்தார் என்று சொல்லக் கூடாது, பாவம். பண்ணினார். தான் எழுதின பத்திரத்தைத் தானே விரித்து வைத்துக்கொண்டு, சொந்த வீட்டில் கன்னம் வைக்க இடம் தேடுகிற திருடன் மாதிரி வரி வரியாகத் தடவிப் பார்த்தார். எங்கே தொட்டாலும் சுவர். ஒவ்வொரு சுவரும் அவர் கட்டினது. மெட்ராஸில் ஒரு பெரிய சீனியர் வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்தப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்து முடித்து, "யார் எழுதினது? ரொம்ப நன்னா இருக்கே!" என்றார். பட்டாபிராமனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"மகள் வீட்டுக்கு வரக் கூடாதுங்கறதை எந்த ஜட்ஜாவது ஒத்துப்பாளா, சார்? நியாயமில்லைன்னு சண்டை போடலாமே?"

"போடலாம். ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட்னு பதினைஞ்சு வருஷம் போடலாம். அதுவரைக்கும் ஜின்னிங் பாக்டரியில கோர்ட் போட்ட ரிசீவர் வந்து உக்காந்திருப்பான். உம்ம கட்சிக்காரருக்கு என்ன வயசு?"

ஜில்லா கோர்ட்டில் ஒரு மனுப் போட்டார். தாத்தாவின் ஆசைக்காக மைனர் பேரன்களின் சொத்தை ஆபத்தில் வைக்க முடியாது என்று ஜட்ஜ் ஒரே மூச்சில் தள்ளிவிட்டார். சரி, கடைசியாக ஒரு ஆள் இருக்கிறானே என்று திருமங்கலத்துக்குப் போய், கருப்புவின் கமிஷன் கடையில் உட்கார்ந்தார். கருப்பு ஒன்றும் ராட்சசன் இல்லை. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. கலர் சோடா வாங்கி வரச் சொல்லி, மூடியைத் திறந்து தன் கையால் கொடுத்தான்.

"எனக்கு அந்தப் புள்ள தங்கச்சி முறை சார். அவ வந்தா எனக்கு என்ன கசக்குமா?"

"அப்படின்னா விட்டுக்கொடுத்துட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடேன்."

"போட்டுரலாம். போட்டா, நாளைக்கு எம் புள்ளைக வந்து எங்க பாத்தியதையை ஏன்டா விட்டேன்னு எஞ் சட்டையைப் பிடிக்கும்ல? அதுகளும் மைனர்தான சார்? நீங்களே சொல்லுங்க."

பட்டாபிராமன் என்னத்தைச் சொல்வார்? கோர்ட்டில் ஜட்ஜ் சொன்னதும் அதுதான், அவரே நல்லகாமனிடம் சொன்னதும் அதுதான்.

"சித்தப்பா எம்மேல நம்பிக்கை வச்சுல்ல காவலுக்குப் போட்டிருக்காரு?" என்றான் கருப்பு. "அதைக் கெடுக்கலாமா? கலரைக் குடிங்க சார், சூடாயிரும்."

எல்லாம் போய், மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. செல்லக்கிளியிடம் விஷயத்தைச் சொல்லி, எங்கேயாவது பொது இடத்தில் வைத்தாவது அப்பனைப் பார்க்கச் சம்மதிக்க வைப்பது. கோவிலில் பார்க்கலாம், தெரிந்தவர் வீட்டில் பார்க்கலாம். உக்கிரபாண்டி தூது போகக் கூசினான். தங்கையைக் கண்டால் தாங்கமாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டான். எழுதின கையே தூது போகட்டும் என்று பட்டாபிராமன் திருவாதவூருக்கு பஸ் ஏறினார்.

சுடலை அங்கே பம்புசெட் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். கடை முழுக்க எண்ணெய் வாடை. செல்லக்கிளி தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பனின் அதே அகலமான நெற்றி. வக்கீல் என்று தெரிந்ததும் எழுந்து, முக்காலியைத் துடைத்துப் போட்டு, மோர் கொண்டு வந்து கொடுத்தாள். வாசலில் பத்து வயசுப் பையன் சைக்கிள் டயரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"காதைப் பாத்தீகளா வக்கீலய்யா? இன்னும் குத்தல" என்றாள். "மாமன் மடி இல்லாத புள்ளைக்கு எங்கன வச்சுக் குத்துறது? பள்ளிக்கூடத்துல கேலி பண்றாங்கன்னு அழுகுறான். போடா, ஒன் தாத்தா வருவாருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பட்டாபிராமன் மோரைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். டிரஸ்ட் என்றார், டிரஸ்டி என்றார், மைனர் பங்கு என்றார். கோர்ட்டில் வாய்தா வாங்குகிறவர் மாதிரி நெளிந்தார். அவள் கம்பியைக் கையில் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டாள்.

"சொந்த மகளை வீட்டுக்குக் கூப்பிடறதுக்கு ஊர் உலகத்துல யாராச்சும் கோர்ட்டைக் கேப்பாகளா? எங்கப்பாவுக்கு மனசில்லன்னா இல்லன்னு சொல்லச் சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"மனசு இருக்கும்மா. என் மேஜைமேல தலையை வெச்சுண்டு அழுதார். நான் பார்த்தேன். பத்திரம்தான் விடமாட்டேங்கறது."

"எழுதுனது யாரு?"

"நான்தான்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் முகமோ பளிச்சென்று மலர்ந்துவிட்டது. "அட, அப்பச் சோலி சுளுவாப் போச்சே! நீங்களே அழிச்சிருங்கய்யா!"

"முடியாதும்மா."

"நீங்க எழுதுனதுதான?"

"நான் எழுதினதுதான். என்னால அழிக்க முடியாது."

செல்லக்கிளி நம்பவில்லை. அப்பன் சொல்லிக் கொடுத்து அனுப்பின கதை என்று முடிவு கட்டிவிட்டாள். "கோயில்ல, குளத்துலன்னு கள்ளத்தனமாப் பாக்குறதுக்கு நான் ஒண்ணும் தப்புப் பண்ணல. வாசல்ல நின்னு, உள்ள வாடின்னு கூப்பிடச் சொல்லுங்க, ஓடி வாரேன். போயிட்டு வாங்க, கடைசி பஸ்ஸை விட்டுராதீக" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கம்பி சுற்ற உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பட்டாபிராமன் சாப்பிடவில்லை. "நான் பண்ணினது தப்புதானேடி?" என்று பாகீரதியைக் கேட்டார். அவள், "தப்புன்னா திருத்தலாமே. திருத்த முடியாதபடின்னா பண்ணி வெச்சிருக்கேள்" என்றாள்.

அடுத்த பங்குனியில் நல்லகாமனைப் பக்கவாதம் அடித்தது. ஒரு கை, ஒரு கால் போயிற்று. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாகக் கிடக்கிற மனுஷன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, "கிளி வந்துட்டாளா?" என்று மட்டும் குழறிக்கொண்டே இருந்தார். உக்கிரபாண்டிக்குத் தாங்கவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று திருவாதவூருக்கு ஆள் அனுப்பிவிட்டான். அனுப்பினவனுக்கு அப்புறம்தான் பயம் வந்தது, வக்கீலுக்குப் போன் பண்ணினான்.

பட்டாபிராமன் டாக்சியில் வந்து இறங்கும்போது தெரு கொள்ளாத கூட்டம். எதிர்ப்பக்கத்தில் ஒரு டீக்கடை ஓரமாக, வாசலில் வந்து கூப்பிடட்டும் என்று செல்லக்கிளி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சுடலை, வேட்டி சட்டை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி எண்ணெய் தேய்த்துத் தலை சீவியிருந்தான். அந்தக் காது குத்தாத பையன், ஒரு சின்னப் பெண். அழைப்பு வந்ததும் நம்பிக் கிளம்பிவிட்டார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. உள்ளே போனால், கூடத்தில் நாற்காலி போட்டுக் கருப்பு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவனோடு வந்த இரண்டு பேர். பங்காளி சாகக் கிடந்தால் வரத்தானே செய்வான், யார் என்ன சொல்ல முடியும்?

உக்கிரபாண்டி ஓடி வந்து பட்டாபிராமன் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், ஒரு வழி சொல்லுங்க. அப்பா மூச்சு இழுக்குது."

"நான் தடுக்கலண்ணே" என்றான் கருப்பு, நாற்காலியை விட்டு எழாமலே. "வரட்டும். நான் ஒரு வார்த்தை பேசினேனா? வந்ததுக்கப்புறம் பத்திரம் பேசிக்கிரும்."

உக்கிரபாண்டியின் பெண்டாட்டி இரண்டு பையன்களையும் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து, பட்டாபிராமன் முன்னால் நிறுத்திவிட்டு, தானும் பின்னால் நின்றாள். பெரியவனுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை. பட்டாபிராமன் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தெருவில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தார். இத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து வருஷ வக்கீல் உத்தியோகத்தில் அவருக்குத் தோன்றிய ஒரே யோசனை இதுதான்:

"கட்டிலைத் தெருவுக்குத் தூக்கிண்டு வாங்கோ. தெரு டிரஸ்ட் சொத்து இல்லை."

உக்கிரபாண்டி அவர் கையை விட்டான். "சாகப்போற மனுசனைத் தெருவுலயா சார்?"

"வேற வழி இல்லைப்பா."

நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு அவரைத் தூக்கினார்கள். கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, வாசலைத் தாண்டி வெளியே வந்தார்கள். அவர் கட்டின வீடு, செங்கல் செங்கலாக நின்று பார்த்துக் கட்டினது. வெயில் கண்ணைக் குத்தியது, யாரோ குடை பிடித்தார்கள். கட்டிலைப் படிக்குக் கீழே இறக்கினார்கள். கருப்பு எழுந்து வந்து வாசலில் நின்று கட்டில் காலையே பார்த்தான். பின்கால் இரண்டும் சாக்கடைப் பாலத்துக் கல்லின்மேல் இருந்தன. அந்தக் கல்லும் பத்திரத்தில் சேர்த்தி, பட்டாபிராமனுக்கா தெரியாது? 'படிக்கட்டு, சாக்கடைப் பாலம் உள்பட' என்று எழுதினதே அவர்தானே.

"இன்னும் ரெண்டு முழம் முன்னால தள்ளுங்கோ" என்றார். சொன்ன வாயை அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது அவருக்கு.

தள்ளினார்கள். கருப்பு திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

செல்லக்கிளி கட்டிலைப் பார்த்தாள், திறந்து கிடந்த வாசலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் பட்டாபிராமனைப் பார்த்தாள். திருவாதவூரில் அவர் சொன்னதெல்லாம் நிஜம்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குறுக்கே வந்த சைக்கிளை விலக்கிவிட்டு ஓடி வந்து, தார் ரோட்டில் சப்பென்று உட்கார்ந்து, அப்பன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா. நான்தான்ப்பா. கிளி."

நல்லகாமன் மெல்லக் கண்ணைத் திறந்தார். கண்ணில் பார்வை பாதிதான் இருந்தது. எங்கே கிடக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. அவள் முகத்துக்குப் பின்னால் ஆட்களும் சைக்கிள்களும் போய்க்கொண்டிருந்தன, அதை மட்டும் பார்த்திருப்பார் போலிருக்கிறது. கோணிய வாயால், ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்.

"ஏன்த்தா... தெருவுல நிக்கிற? உள்ள வாத்தா."

கூட்டத்தில் ஒரு பொம்பளை வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டாள். பட்டாபிராமன் குடை பிடித்தவன் தோளைப் பற்றிக்கொண்டார்.

செல்லக்கிளி அப்பன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். குரல் கொஞ்சமும் நடுங்காமல் சொன்னாள்.

"உள்ளதான்ப்பா இருக்கேன். நடுவீட்டுலதான் ஒக்காந்திருக்கேன்."

"மாப்ளைக்கு... எல போடச் சொல்லு."

"போட்டாச்சுப்பா. சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."